ஒரே நாவலில் ஆங்கிலம்: மலை ஏறுவோருக்கு ஒரு கையேடு

ஆங்கிலம் குளிரில்தான் ஒட்டும். சமவெளி வெயிலில் உட்கார்ந்து இங்கிலீஷ் நாவலைப் பிரிப்பவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே கண் அயர்ந்துவிடுவது அதனால்தான். அவர்கள் மூளையில் குறை ஒன்றும் இல்லை. இந்த உண்மையை முதலில் கண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். பின்னால் மதராஸ் சர்க்காரே கோடை வந்தால் கோப்புகளையும் குமாஸ்தாக்களையும் மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறத் தொடங்கியது. ஆகவே சொல்வளம் வேண்டுவோர் முதலில் வாங்கவேண்டியது அகராதி அல்ல, ஸ்வெட்டர்.

மேட்டுப்பாளையத்தில் காலை ரயிலைப் பிடிக்கவும். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். சீக்கிரம் என்பது நம் முறைக்கு ஆகாது. 46 கிலோமீட்டரை இந்த ரயில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் ஒவ்வொரு பல்லாகக் கவ்விக் கவ்வித்தான் மேலே போகிறது. நீங்கள் நாவலைப் படிக்கப்போவதும் இப்படித்தான். ஒரு சொல்லைக் கவ்வி முடிக்காமல் அடுத்த சொல்லுக்கு நகரக்கூடாது. ஒரே வித்தியாசம், ரயில் மத்தியானத்துக்குள் ஊட்டி போய்ச் சேர்ந்துவிடும்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர், டேவிட் லீன் 1984-இல் எடுத்த 'எ பாஸேஜ் டு இந்தியா' படத்தில் இந்த ரயில் நடித்திருக்கிறது என்று சொல்லக்கூடும். உண்மைதான். அதற்காக ஈ. எம். ஃபார்ஸ்டரின் அந்த நாவலையே எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது முந்நூற்றுச் சொச்சம் பக்கம்தான். முடித்துவிடும் அபாயம் உண்டு.

எடுத்துவர வேண்டியது சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'கிளாரிஸா'. 1747-48-இல் ஏழு பாகங்களாக வந்தது. மொத்தம் 537 கடிதங்கள். சொற்கள் ஒன்பது லட்சத்தைத் தாண்டும். பெங்குயின் பதிப்பு ஏறத்தாழ 1500 பக்கம், அதுவும் அகலமான பக்கம். போனில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் போனில் படித்தால் நீங்கள் ஆங்கிலம் கற்பது யாருக்கும் தெரியாது. கனமான காகிதப் பிரதியே உத்தமம்.

கதையைப் பற்றிக் கவலை வேண்டாம், நமக்கு நன்றாகப் பழகியதுதான். ஹார்லோ வீட்டுச் சின்னப் பெண் கிளாரிஸா. தாத்தா தன் சொத்தை மற்றவர்களையெல்லாம் தாண்டி இந்தப் பேத்தி பேரில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறார். அண்ணனுக்கும் அக்காவுக்கும் வயிற்றெரிச்சல். சோல்ம்ஸ் என்று ஒரு பணக்கார அசடனைக் கொண்டுவந்து மாப்பிள்ளை என்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். அறைக்குள் அடைத்துவைக்கிறார்கள். அவள் உள்ளே இருந்து கடிதம் எழுதுகிறாள். லவ்லேஸ் என்ற மன்மதன் தோட்டத்துக் கதவருகே வந்து நிற்கிறான். இதற்கு இங்கிலீஷ் எதற்கு, ராத்திரி டிவியைப் போட்டால் போதுமே என்பவர்கள் இந்தக் கையேட்டை இத்துடன் மூடிவைத்துவிடலாம்.

இத்தனை நாவல் இருக்க இது ஏன் என்று கேட்பது நியாயம். ஊட்டிக்கும் இந்த நாவலுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு, நம் எல்லோர் தலையெழுத்தும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது.

1834 ஜூனில் தாமஸ் பாபிங்டன் மெக்காலே மதராஸில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது உடம்பு தேற ஊட்டியில் இருந்ததால், அவருடைய கவுன்சிலில் சேரவந்த மெக்காலேயும் மலை ஏற வேண்டியதாயிற்று. பெங்களூர், மைசூர் வழியாக 400 மைல், முழுக்க மனிதர்களின் தோள்மேல், பல்லக்கில். போய்ச் சேர்ந்த நேரம் தென்மேற்குப் பருவமழை. ஜூலை மாத ஊட்டியில் மழையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்பது இன்றைக்கும் அங்கே அறை எடுத்தவர்களுக்குத் தெரியும். பெட்டியில் 'கிளாரிஸா' இருந்தது. படிக்கக் கொடுத்தார்.

அப்புறம் நடந்ததை மெக்காலே பல வருஷம் கழித்து லண்டன் கிளப் ஒன்றில் நாவலாசிரியர் தாக்கரேயிடம் சொல்ல, மெக்காலே இறந்தபின் 1860-இல் தாக்கரே அதை எழுதிவைத்தார். மலைவாசத்தில் இருந்த துரைமார், துரைசானிமார் அத்தனை பேரும் கிளாரிஸா கிளாரிஸா என்று பித்துப் பிடித்து அலைந்தார்களாம். கவர்னரின் மனைவி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாராம். செக்ரட்டரி தன் முறைக்குக் காத்துக் கிடந்தாராம். தலைமை நீதிபதிக்குக் கண்ணீர் மறைத்ததில் எழுத்தே தெரியவில்லையாம். மெக்காலே எதையும் ஒரு பிடி கூட்டிச் சொல்கிற ஆள், அந்தப் பிடியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமே போதும்.

கவனிக்க வேண்டியது, இவர்களில் ஒருவர்கூடப் பென்சில் எடுக்கவில்லை. ஒரு சொல்லைக்கூட அடிக்கோடிடாமல் ஒரு நாவலை இப்படி வீணாக்கியவர்களைப் பார்த்து நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

அதே மெக்காலே மலை இறங்கிக் கல்கத்தா போய், 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி தன் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதினார். சமஸ்கிருதமோ அரபியோ தனக்குத் தெரியாது என்று அதிலேயே ஒப்புக்கொண்டு, ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டுக்கு அந்த மொழிகளின் இலக்கியம் முழுதும் ஈடாகாது என்றும் அதிலேயே தீர்ப்புச் சொன்னார். நம் பாட்டன் பூட்டன் காலம்தொட்டு ஆங்கிலப் பாடத்தில் பெயிலாகி வருவதற்கு அஸ்திவாரம் அங்கேதான். கிளாரிஸா இன்னும் ஒரு நாலைந்து பாகம் நீண்டிருந்தால் மனிதர் மலையிலேயே தங்கியிருப்பார், நாம் தப்பித்திருப்போம்.

அவரே புது மொழி கற்க ஒரு முறை வைத்திருந்தார். 1836-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். கற்க வேண்டிய மொழியில் முதலில் பைபிளை எடுப்பார். கதையும் வசனமும் மனப்பாடம் என்பதால் அகராதி தேவையில்லை. சில நாளில் அடிப்படைச் சொற்களும் வாக்கியப் போக்கும் பிடிபட்டுவிடும். உடனே அந்த மொழியின் நல்ல இலக்கியம் ஒன்றில் நேராகக் குதித்துவிடுவார். ஸ்பானிஷும் போர்ச்சுக்கீசும் இப்படித்தான் கற்றாராம். ஜெர்மனை ஊர் திரும்பும் கப்பலில் கற்றார். நாமும் இதைச் செய்யலாம். ராஜாஜியின் ஆங்கில மகாபாரதத்தை எடுத்தால் துரியோதனன் தொடையில் அடி விழுந்தது எந்த வாக்கியத்தில் என்று அகராதி இல்லாமலே தெரிந்துவிடும். அங்கிருந்து ஆர். கே. நாராயணுக்குத் தாவினால் மால்குடியும் நம் ஊர்தான். ஆனால் இந்த முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. இது பலிக்கிறது. பலித்துவிட்டால் அடுத்த வருஷம் மலை ஏறுவதற்குக் காரணம் இருக்காது. ஆகவே விட்டுவிடுவோம்.

நம் முறைக்கு விஞ்ஞான ஆதாரமும் இருக்கிறது. சொற்களை எண்ணுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட நியூஸிலாந்து மொழியியலாளர் பால் நேஷன், 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். துணையில்லாமல் ஒரு நாவலைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் கைவசம் வேண்டும். அதாவது நாவல் படித்தால் சொல் வரும்; சொல் வந்தால்தான் நாவல் படிக்க வரும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் கிழவிகள் இதை எண்ணிப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இனி உட்காரலாம். இடம் முக்கியம். ஊட்டியின் நீலகிரி லைப்ரரி 1859-இல் தொடங்கியது. மெக்காலே காலமானதும் அதே வருஷம் டிசம்பரில். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த மாதிரிப் பொருத்தங்களை விடமாட்டார்கள். உறுப்பினராகச் சேர்ந்து உள்ளே போனால் பழைய தோல் அட்டைகளின் வாசனையே பாதி ஆங்கிலம். மீதிப் பாதிக்குப் பென்சில் வேண்டும், நூலகப் புத்தகத்தில் கோடு போட்டால் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே லவ்டேல் பக்கமோ கேத்தி பக்கமோ ஒரு காட்டேஜ் பார்த்துக்கொள்ளவும். ஜன்னல் இருக்கட்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் வெளியே பார்க்க வேண்டியிருக்கும்.

மேசைமேல் சீவிய பென்சில் இரண்டு, ஒரு லிப்கோ அகராதி, ஒரு நோட்டு. தெரியாத ஒவ்வொரு சொல்லின் தலையிலும் தமிழில் பொருளைப் பொடி எழுத்தில் எழுதவும். அப்படியே நோட்டிலும் எழுதவும். இது நம் மரபு. பழைய புத்தகக் கடையில் எந்த ஆங்கில நாவலை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். முதல் பன்னிரண்டு பக்கம் வரிக்கு வரி பென்சில். பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து கடைசிவரை அச்சகத்திலிருந்து வந்த அதே வெள்ளை. எத்தனை தமிழர்களின் ஆங்கிலம் அந்தப் பன்னிரண்டாம் பக்கத்தில் இறங்கிக்கொண்டது என்று யாராவது முனைவர் பட்டத்துக்கு ஆராயலாம்.

அகராதியில் எப்போதும் முதல் பொருளையே எடுக்கவும். இரண்டாவது, மூன்றாவது பொருளெல்லாம் சோம்பேறிகள் தப்பிக்க வைத்த வழி. உதாரணமாக, லவ்லேஸ் ஒரு 'ரேக்' என்று கிளாரிஸாவின் தோழியும் உறவினரும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ரேக்குக்கு முதல் பொருள் குப்பைவாரி, தோட்டத்தில் சருகு கூட்டும் பல் வைத்த கருவி. எழுதிக்கொள்ளுங்கள். இனி, நல்ல குடும்பத்துப் பெண்கள் குப்பைவாரியிடம் ஏன் மயங்குகிறார்கள், மனம் திருந்திய குப்பைவாரியே உத்தமக் கணவன் ஆவானா என்ற விவாதங்கள் பக்கம் பக்கமாக வரும். இடையில் பொருள் கலங்குகிறதே என்று தயங்க வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம் ஆழமானது.

அகராதியைப் பற்றி இன்னொரு சந்தோஷமான செய்தி. 1755-இல் தன் பெரிய அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், சொற்களுக்கு மேற்கோள் காட்ட இந்தக் 'கிளாரிஸா'விலிருந்தே பல இடங்களில் எடுத்துப் போட்டிருக்கிறார். ரிச்சர்ட்சன் அவருடைய நண்பர். ஆக, நாவல் புரியாமல் அகராதிக்குப் போனால், அங்கே அகராதி நாவலைக் கைகாட்டுகிறது. போதாக்குறைக்கு, ரிச்சர்ட்சனைக் கதைக்காகப் படிப்பவன் பொறுமை இழந்து தூக்குப் போட்டுக்கொள்வான் என்று சொன்னவரும் இதே ஜான்சன்தான். ஊட்டியில் 1834-இல் கதைக்காகவே படித்தவர்கள் தூக்குப் போட்டுக்கொள்ளவில்லை, அழுததோடு சரி. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி நாம் இறங்க முடியாது.

ரிச்சர்ட்சன் தொழிலால் அச்சகக்காரர். படிப்பு குறைந்தவர்களுக்கு எந்தச் சமயத்தில் எப்படிக் கடிதம் எழுதுவது என்று ஒரு மாதிரிக் கடிதப் புத்தகம் தயாரித்துத் தரும்படி புத்தக வியாபாரிகள் கேட்டார்கள். அந்த வேலைக்கு நடுவில்தான் அவருக்கு முதல் நாவலான 'பமேலா' உதித்தது. பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கும் 'கடிதம் எழுதுவது எப்படி' ரகப் புத்தகத்திலிருந்து ஆங்கில நாவலின் ஒரு பெரிய கிளை முளைத்திருக்கிறது என்றால், கையேடு எழுதும் எங்களைப் போன்றவர்களை இனியாவது கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கலாம்.

சில வாத்தியார்கள், அகராதி எதற்கு, முன்பின் வாக்கியங்களை வைத்துப் பொருளை ஊகித்துக்கொள் என்பார்கள். அவர்களுக்கு எட்வர்ட் லியரைக் காட்டவும். லியர் ஓவியர், கோணங்கிப் பாட்டுகளும் எழுதியவர். 1874-இல் இந்தியாவைச் சுற்றி வரைந்துகொண்டிருந்தபோது குன்னூருக்கும் வந்தார். வெள்ளைக்காரர்கள் வாயில் புழங்கிய இந்தியச் சொற்களைக் காதால் கேட்ட ஓசையை மட்டும் வைத்து, அந்த வருஷமே 'தி கம்மர்பண்ட்' என்று ஒரு பாட்டு எழுதி பம்பாய்ப் பத்திரிகையில் வெளியிட்டார். அதில் துணி வெளுக்கும் தோபி, கதாநாயகி உட்காரும் ஆசனம். சமையல்காரரான கான்சாமா, நெட்டையாக வளரும் மரம். பரிமாறுகிற கிட்மட்கார், தொங்குகிற கொடி. இடுப்பில் கட்டும் கம்மர்பண்ட் ஒரு ராட்சத மிருகம். கடைசியில் அவளை விழுங்கிவிடுகிறது. முன்பின் வாக்கியங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. லியர் வேண்டுமென்றே செய்தார். நமக்கு அது தானாகவே வரும்.

கற்ற சொற்களைக் கையோடு பழக வேண்டும். சேரிங் கிராஸ் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று, "ஐ பிசீச் யூ, சார், டு பெர்மிட் மீ எ கப் ஆஃப் டீ" என்று கிளாரிஸாவின் நடையில் கேளுங்கள். மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சர்க்கரை போடலாங்களா சார்?" என்பார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று மகிழவும். டீ என்ற சொல் புரிந்திருந்தாலும் புரிந்ததுதானே.

தேயிலைத் தோட்டங்கள் பக்கம் மட்டும் போகவேண்டாம். அங்கே நிலைமை நம் முறைக்கு விரோதமாக இருக்கிறது. ஒரு நாவலும் படிக்காத அம்மாக்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு செக்ரோல், டிவிஷன், ஓவர்டைம், பி.எஃப். என்று சரளமாகப் பேசுகிறார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் அமர்ந்த குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டால், 'பரேட்' என்பதைப் 'பெரட்டு' ஆக்கித் தங்கள் சொல்லாகவே வைத்திருக்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம் அது. கிராஜுவிட்டி என்றால் என்ன என்று ஒரு எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தையும் ஓய்வுபெறப்போகும் ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவையும் கேட்டுப் பாருங்கள். முன்னவர் நன்றியோடு சம்பந்தப்படுத்தி ஏதோ ஆரம்பிப்பார். பின்னவர், வருஷத்துக்கு 15 நாள் கூலி, மாசத்தை 26 நாளா வகுக்கணும், ஆபீசில் வேறு மாதிரி போட்டால் விடக்கூடாது என்று முடித்துவிடுவார். இது நுண்வாசிப்புதான், ஆனால் இதில் அழகியல் இல்லை. பணம்தான் இருக்கிறது. தவிர்க்கவும்.

கடைசியாக ஒரு கடுமையான எச்சரிக்கை. காட்டேஜ் வாட்ச்மேனிடம் கதை சொல்லாதீர்கள்.

நீங்கள் மூன்று நாளாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு இரக்கப்பட்டு அவர் ஒரு சாயங்காலம் டீயோடு வருவார். "அப்படி என்னங்க சார் இருக்குது அதுல?" என்பார். நீங்களும் பேச்சுத்துணை இல்லாத கொடுமையில், தாத்தா சொத்து, அண்ணன் வயிற்றெரிச்சல், அறைக்குள் அடைத்தது, தோட்டத்துக் கதவு என்று சொல்லிவிடுவீர்கள். தீர்ந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்படும்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ள கதவத் தொறந்துச்சுங்களா?"

"இன்னும் அங்கே வரலைங்கண்ணே. ரெண்டு பக்கம்தான் ஆச்சு."

"ரெண்டா? ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சுதுங்களே?"

"ஒவ்வொரு வார்த்தையா பார்க்கணும்ல."

"வார்த்தை கெடக்குதுங்க சார். அந்தக் கதவு என்னாச்சுன்னு பாருங்க. எங்க வீட்டம்மா வேற கேட்டுட்டு இருக்குது."

இந்த இடத்தில்தான் பலருடைய ஆங்கிலப் பயிற்சி குலைந்திருக்கிறது. அவருடைய முகத்துக்குப் பயந்து அன்றிரவு அகராதியை மூடிவைத்துவிட்டு, கதவு திறந்ததா இல்லையா என்ற ஒரே குறியாகப் பக்கம் பக்கமாகத் தாவி ஓடிவிடுவீர்கள். பென்சில் சீவாமல் கிடக்கும். லவ்லேஸ் பசப்புகிற கடிதங்களுக்கு நடுவில் எங்கோ, ரேக் என்றால் குப்பைவாரி அல்ல, பெண்களைக் கெடுத்துத் திரிகிற சொகுசுக்காரப் போக்கிரி என்பது யாரும் சொல்லாமலே உறைத்துவிடும். வேறு பல சொற்களும் இப்படி உத்தரவு கேட்காமல் உள்ளே நுழைந்திருக்கும், நோட்டில் ஒன்றுகூட ஏறியிருக்காது. விடிகிற நேரத்தில் இரண்டாம் பாகம் முடிந்திருக்கும். அவள் போய்விட்டாள் என்று சொல்ல நீங்களே போர்வையோடு வாட்ச்மேன் அறைக்கு நடந்துகொண்டிருப்பீர்கள்.

இப்படி நேர்ந்துவிட்டால் பதற்றப்படாமல் முதல் பக்கத்துக்குத் திரும்பி, பென்சிலைச் சீவி, மறுபடி முதல் சொல்லிலிருந்து தொடங்கவும். காட்டேஜையும் மாற்றிவிடுங்கள். கதை கேட்காத வாட்ச்மேன் உள்ள இடமாகப் பார்க்கவும். வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. பழையவர் விடமாட்டார். குன்னூர் ஸ்டேஷன்வரை வந்து, "மீதி அஞ்சு பாகத்தையும் போன்ல சொல்லிருங்க சார், ஞாயித்துக்கெழம ஃப்ரீயாத்தான் இருப்பேன்" என்று நம்பரை எழுதிக் கையில் திணிப்பார். ரயில் நகர்ந்ததும் அந்த நம்பரை பிளாக் செய்துவிடவும்.